படத்தில் இல்லாத பூட்டு

படத்தில் நீ அழுகிறாய், வஸ்கித்தோ.
இடிபாட்டிலிருந்து என்னை அள்ளிக்கொண்டு
மழையில் நிற்கிறாய்.
மழை, தீயணைப்பு வண்டிக் குழாயிலிருந்து வந்தது.
படப்பிடிப்பன்று நான் எதிர்ச்சாரியில்
குடையோடு நின்று பார்த்தேன்.
என்னாக நடித்தவள் என்னைவிட ஒல்லி.
சவாகோ என்ற பெயர் போதுமான சோகமாய் ஒலிக்கவில்லையாம்,
மாற்றிவிட்டார்கள்.

ஊர்க் கூடத்தில் திரை கட்டினார்கள்.
நிலம் ஆடியபின் நாம் படுத்துக் கிடந்த அதே கூடம்,
அதே வழுக்கும் மரத்தரை.
கூடைப்பந்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு,
அந்தப் பக்கம் கணவாய்ப் படகிலிருந்து நீங்கள் ஆறு பேர்.
யாரும் கோடு கிழிக்கவில்லை.
அது முன்பே இருந்தது.

என்னை யாரும் தூக்கவில்லை.
குளிப்பகத்துக் கல்லாவிலிருந்து நானே எழுந்து
நானே நடந்து வெளியே வந்தேன்.
குளிப்பகம் நின்றது.
பின்னாலிருந்த வீடு மட்டும் மண்டியிட்டது.

கடலும் படத்தில் பொய் சொல்கிறது,
ஓயாமல் இரைகிறது.
நம் துறையில் அன்று இரைச்சலே இல்லையே!
கடலடி இரண்டாள் உயரம் எழும்பிவிட,
தண்ணீர் தள்ளிப் போய் நின்று
வேடிக்கை பார்த்தது.
படகுகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன.
நீ இறங்கி நடந்துபோய்
நேற்றுவரை மீன்கள் மட்டுமே பார்த்த பாறையைத் தொட்டு
உன் மொழியில் ஏதோ சொன்னாய்.
என்னவென்று நான் இன்னும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்
மண்ணெண்ணெய் அறைக்குப் பூட்டுப் போட்டேன்.
உங்கள் ஆறு பேருக்காகத்தான்.
நீ பூட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்,
பிறகு உன் காலணியைப் பார்த்தாய்.
திரைக்கதைக்காக வந்த பையனிடம் இதையும் சொன்னேன்.
குறித்துக்கொண்டான்.
படத்தில் பூட்டு இல்லை.

கூடத்தில் ஊற்றிய சூப்பில் பன்றித் துண்டுகள்.
பொறுக்கி எடுத்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினேன்,
பெரிய உபகாரம் செய்பவள்போல.
இரு கையாலும் வாங்கினாய்.
குடிக்கவில்லை.
ஆறும்வரை
அதில் கையைச் சூடேற்றிக்கொண்டாய்.

அதைப் பார்த்தபின்தான் வேறு பாத்திரம் தேடினேன்.
கிடைத்தது ஒரு தேநீர்க் கெட்டில்.
முள்ளங்கி, கடற்பாசி, உப்பு.
ருசியில்லை என்று உன் முகம் சொன்னது.
கெட்டிலைக் காலி செய்து கொடுத்தாய்.

கொதிகலனுக்கு எரிக்க ஒன்றுமில்லை,
லாரி வரப் பாதையில்லை.
என் வீட்டு நடுத்தூணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய்,
நாட்காட்டி மாட்டிய ஆணியோடு.
இறக்கி வைத்து
தீக்குச்சி உரசுவதுபோல் விரலைக் காட்டி
புருவத்தை உயர்த்தினாய்.
தலையாட்டினேன்.
ஆணியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு
ரம்பத்தை எடுத்தாய்.

என் வீடு பதினொரு இரவு வெந்நீராயிற்று.
ஊரே அதில் முங்கி எழுந்தது.
கழுத்தளவு நீரில்
யாரும் யாரையும் பார்க்காமல் அழுதார்கள்.

பிறர் முன் உடை களைய நீ கூசினாய்.
எல்லாரும் போனபின் கடைசி அரைமணி உனக்கு.
நான் கல்லாவில் முதுகு காட்டி உட்கார்ந்து
சில்லறை எண்ணினேன்.
அந்த மாதம் யாரிடமும் காசு வாங்கவில்லை;
இருந்த ஒரு பிடி நாணயத்தையே
திரும்பத் திரும்ப.
எனக்கும் நடிக்கத் தெரியும், பார்.

நீ தூணைச் சுமந்து வந்த இரவே
பூட்டைக் கழற்றிவிட்டேன் என்றால்
கதைக்கு அழகாயிருக்கும்.
இல்லை.
நாலாம் வாரம்தான்.
அதுவும் சாவி தொலைந்ததால்.
சுத்தியலைக் கொடுத்து உன்னைத்தான் உடைக்கச் சொன்னேன்.
ஒரே அடி.
உனக்கு அவ்வளவு சிரிப்பு வரும் என்று
அன்றுதான் தெரிந்தது.

படம் முடிந்ததும் கைதட்டினார்கள்.
பலர் நேராகக் குளிக்க வந்தார்கள்.
இப்படித்தான் நடந்ததா என்று ஒருத்தி கேட்டாள்.
தண்ணீர் சூடு, மெல்ல இறங்கு என்றேன்.

உன் தெகால் பக்கம் வெளியாகுமோ, தெரியாது.
வந்தால் போய்ப் பார்.
நீயாக நடிப்பவன்
ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.